சரவிளக்கின் தமிழ்ச் சீட்டுகள்

செங்கலடிச் சந்தியில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன்சீட்டில் அமர்ந்தார்கள். ஒருவர் இத்தாலியிலிருந்து லீவில் வந்தவர்.

"வெனிஸில ஒரு மாளிகையில, நான் போய்ச் சேரும் மட்டும் வெளிச்சமில்ல மச்சான்."

"ஏன், நீ என்ன கரண்டா?"

"பழைய சரவிளக்கு. முழுக்கக் கண்ணாடிப் பூவும் இலையும். கழட்டிக் கழுவித் திரும்பப் பூட்டுறதுதான் என்ட வேலை. இடம் மாறாம ஒவ்வொண்டிலயும் சீட்டுக் கட்டுவன். இந்த முறை கழுவி மேசையில வச்ச கையோட, உம்மாக்கு ஏலாதெண்டு போன் வந்திச்சு. ஓடி வந்திட்டன். இப்ப அவக்குச் சுகம்."

"மறுகா? வேற ஆள் பூட்டலாமே?"

"சீட்டெல்லாம் தமிழில. 'சன்னல் பக்கம், மேல் வரிசை, மூணாவது இலை' எண்டு. வீட்டுக்கார அம்மா போனில மொழிபெயர்க்கப் போட்டும் பாத்திருக்கா. என்ட கையெழுத்து அதுக்கும் விளங்கல்ல."

கூட வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பழக்கத்தில எழுதிட்டியாக்கும்!"

ஏறாவூரில் பஸ் நின்று புறப்பட்டதும் இத்தாலியிலிருந்து வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"முந்தி வேலை செஞ்ச வீட்டில அவங்கட பாஷையிலதான் எழுதி வச்சிட்டு லீவில வந்தன் மச்சான். திரும்பிப் போனா, ஏணியில வேற ஒருத்தன் நிண்டான்."