தியாபின் வண்டியை நான் எழுப்பியது பற்றி

எனது பெயர் முஃப்லிஹ். தகப்பனார் பெயர் சாலிம். வயது நாற்பத்தேழு. மஆன் நகரில் பழைய ரயில் நிலையத்துக்குப் பின்புறம் குடியிருந்து வருகிறேன். வாலிப வயது முதல் குளிர்சாதன லாரி ஓட்டி வருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்சுலின் கெட்டுப்போன வழக்கில் காவலில் இருக்கும் லாரி ஓட்டுநர் தியாப் சம்பந்தமாக நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, விசாரிக்கப்பட்டதன் பேரில் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

தியாப் எனக்கு உறவில்லை. அகபா துறைமுகத்திலிருந்து அம்மானுக்கு என்னோடு ஒரே பாதையில் ஓட்டுகிறவர். எங்கள் இருவர் லாரியிலும் பெட்டியைக் குளிர்விக்கும் எந்திரம் டீசலில்தான் ஓடியது. சென்ற வருடம் முதல் மருந்துக் கம்பெனிகள் பேட்டரியில் ஓடும் எந்திரம் வைத்த லாரிக்குத்தான் சரக்குக் கொடுக்கிறார்கள். புகை இல்லையாம், சத்தம் இல்லையாம். லாரி முதலாளிகள் எல்லோரும் அதையே தேடி ஓடுவதால் அதன் விலை ஏறிக்கொண்டே போகிறது. பழைய டீசல் எந்திரத்தை விற்கப் போனால் வியாபாரி இரும்பு விலைக்குக் கேட்கிறான். தியாப் மனைவியின் நகையை விற்றுப் புதியதை மாட்டினார். மருந்துச் சரக்கு அவருக்குப் போயிற்று. எனக்கு உறைந்த கோழிதான் மிஞ்சியது. வயிறு எரிந்ததா என்று அதிகாரி கேட்டார். எரிந்தது. அதைத் தியாபிடமே சொல்லியிருக்கிறேன். அதற்கு அவர், “அபூ ஷாஹிர், உன் வண்டி கிழவன் மாதிரி இருமுதுப்பா. மருந்தெல்லாம் பயந்து என் வண்டிக்கு ஓடி வருது, நான் என்ன பண்றது?” என்று, என் மகன் பெயரைச் சேர்த்து என்னை அழைத்துக் கேலி செய்தார்.

எங்கள் ஓட்டுநர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சோதனைச் சாவடி வரிசையில் யார் வண்டியில் எந்திரச் சத்தம் நின்றாலும் வண்டி தூங்கிவிட்டது என்போம். பக்கத்து வண்டிக்காரன் யாரையும் கேட்காமல் ஏறி, பெட்டியின் முன்பக்கம் உள்ள பொத்தானை அமுக்கி எழுப்பிவிட வேண்டும். என் சரக்கே அப்படிப் பலமுறை பிழைத்திருக்கிறது. பார்த்தும் பாராமல் இருப்பவனோடு எங்களில் யாரும் தேநீர் குடிக்க மாட்டோம்.

சம்பவ தினம் நடுப்பகலில் அகபாவுக்கு வெளியே உள்ள சுங்கச் சாவடியில் எங்கள் லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தியாப் தொழுகைக்கும் அதன் பின்பு தேநீர் வாங்கவும் போனார். நான் இருக்கையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். அதன் பின்பு சத்தம் நின்றதால் திடுக்கிட்டு விழித்தேன். என் வண்டி தூங்கியிருந்தது. இறங்கி ஓடி அதை எழுப்பினேன். விழித்தபோதே பக்கத்து வண்டியிலும் சத்தம் இல்லாதது மனதில் பதிந்திருந்ததால், அதே வேகத்தில் தியாபின் வண்டியில் ஏறி அங்கிருந்த பொத்தானையும் அமுக்கினேன். அது பேட்டரி எந்திரம், ஓடினாலும் சத்தம் வராது என்பது எனக்குத் தெரியாதா என்று அதிகாரி கேட்டார். தெரியும். அந்த நேரத்தில் நினைவில் இல்லை. ஓடிக்கொண்டிருந்ததை அமுக்கினால் அணைந்துவிடும் என்பதும் நினைவில் இல்லை. வெயிலில் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்த விளக்கு எரிந்ததும் தெரியவில்லை, அணைந்ததும் தெரியவில்லை.

அதன் பின்பு தியாப் தேநீரோடு வந்தார். வரிசை நகர்ந்துவிட்டதால் அவசரமாக ஏறினார். “உன் வண்டிய எழுப்பி விட்டுட்டேன்!” என்று கத்தினேன். என் எந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அவர் சிரித்துக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அம்மானில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே அடுப்பாக இருந்ததாகவும், மருந்து முழுவதையும் கொட்டிவிட்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். வழியில் சார்ஜ் ஏற்ற இடம் குறைவு என்பதால் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தியாபே அணைத்தார் என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். கேட்டதும் என் தலையில் கல் விழுந்தது போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் பொறாமையில் செய்தேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இன்று காலை காவலில் இருந்த தியாபைப் பார்க்கப் போனேன். பக்கத்தில் காவலர் நின்றார். தியாப் என்னை நெடுநேரம் பார்த்தார். அதன் பின்பு, “அன்னிக்கு வண்டியிலேருந்து என்னமோ கத்துனியே, என்ன அது?” என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். காவலர் காதில் விழும்படி, “எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ யார்கிட்டயும் போய் உளறாத. புள்ளைங்க இருக்கு, வீட்டுக்குப் போ” என்றார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், உண்மைதான். யாருடைய கட்டாயத்தாலும் சொல்லவில்லை.

(கையொப்பம்)
முஃப்லிஹ், த/பெ சாலிம்