இஞ்ஞாசியின் சாக்கு

டாக்டர் சொல்வதைத் தட்டாமல் கேட்பவன் நான். இனிப்புநீர் ஏறிவிட்டது, விடிந்ததும் எழுந்து நடக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து என் வீட்டிலிருந்து அந்தோணியார் கோயில் வரை நடந்துவிட்டுத் திரும்புகிறேன். மழை என்றாலும் குடையோடு போவேன். உன் அப்பா அமலதாஸ் எதிரே வந்தால் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் நகர்வேன். நான் ஒழுங்கான மனிதன் என்பது முதலில் உனக்கு விளங்க வேண்டும், ஜோஆன். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஜொகூர் பாருவிலிருந்து இந்தப் பெக்கோக் வரை கார் ஓட்டி வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே ஒரே கேள்வியைக் கேட்டாய். "அங்கிள், அன்னிக்கு நீங்க எங்கப்பாவ நெஜமாவே பார்த்தீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க லா." சொல்கிறேன். என் மனைவி சந்தைக்குப் போயிருக்கிறாள், வர நேரமாகும்.

கோயிலுக்குப் பின்னால் நிற்கும் டுரியான் மரம் உனக்குத் தெரிந்ததுதான். முள்ளுத் தோலோடு பழம் சிறிசு, ஆனால் சுளை மஞ்சளாக, முடிவில் லேசாகக் கசக்கும். இந்த வருடம் திருநாளுக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார் என்றதும், கோயில் காரியங்களைப் பார்க்கும் வினிஃப்ரெட் டீச்சர் ஓர் உத்தரவு போட்டார். திருநாள் வாரத்தில் விழும் பழமெல்லாம் ஆயருக்கு, வேறு யாரும் தொடக்கூடாது. கோயிலைத் திறக்க வரும் உன் அப்பா அவற்றைப் பொறுக்கி உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும்.

டுரியான் விழுவதோ விடியலுக்கு முன். நான் நடப்பதோ விடியலில். அந்த நேரத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, டாக்டர்தான் சொன்னார். முதல் நாள் ஒரு பழத்தை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று ஓரமாக எடுத்து வைக்கத்தான் போனேன். அது ஏற்கெனவே வெடித்திருந்தது. வெடித்த பழத்தை ஆயருக்குக் கொடுப்பது மரியாதையா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றுவிட்டேன். வீட்டில் எனக்குச் சோற்றையே கண்ணாடிக் கிண்ணத்தில் அளந்து போடுகிறார்கள், அதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த நாள் விழுந்த பழங்கள் வெடிக்கவில்லை. நான்தான் வெடிக்க வைத்தேன்.

அதே வாரம் நாடக ஒத்திகையும் நடந்தது. வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டு, நம் ஆட்களைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கிளப்பி முள்கம்பி வேலிக்குள் அடைத்த கதை. டீச்சரே எழுதியது. அதில் ஒரு காட்சி. சனங்களை வரிசையில் நிறுத்துவார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுப்பவர் யார் என்று காட்டிக்கொடுக்க ஒருவன் உட்கார்ந்திருப்பான். ஆள் தெரியாமல் இருக்கத் தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போக வேண்டும். அவன் தலையாட்டினால் லாரியில் ஏற்றுவார்கள், ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். வக்கீல் கிடையாது. ஏன் என்று கேட்கவும் முடியாது.

அந்தச் சாக்கு வேடம் எனக்குக் கிடைத்தது. எனக்கு வசனம் மனதில் நிற்காது. ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடையனாக வந்து, "பாலன் எங்கே?" என்பதற்குப் பதிலாக "பில் எங்கே?" என்று கேட்டவன் நான். "அங்கிள், ஒங்களுக்கு வசனமே கெடையாது. தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்," என்றார் டீச்சர். நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி முன் நின்று பழகினேன். வேகமாக ஆட்டினால் சாமியாடுவது மாதிரி இருக்கிறது. மெதுவாக ஒரே முறை ஆட்டினால்தான் எனக்கே பயமாக இருந்தது. அரிசிச் சாக்குத் தூசியில் தும்மல் வருகிறது என்று என் மனைவி அதை வாசனைத் திரவம் ஊற்றித் துவைத்துக் கொடுத்தாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. டுரியான் வாடை ஏப்பத்தில் சாயந்திரம் வரை விடாது, உனக்கே தெரியும்.

மூன்றாம் நாளும் மரத்தடியில் பழம் இல்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார் ஆயிற்றே என்று டீச்சர் மெழுகுவத்தி ஏற்றினார். நானும் ஒன்று ஏற்றினேன். அந்தோணியார் அசையவில்லை. ஒத்திகையில் டீச்சருக்குக் கோபம் பொங்கிவிட்டது. "அலமாக், ஆயருக்கு வெச்ச பழத்தையே திங்கிறான்னா அவன் என்ன மனுஷன்?" என்றார். வெள்ளைக்கார அதிகாரியாக நடிக்கும் ஜோனதன் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னான்: "டீச்சர், நம்மகிட்டதான் சாக்கு இருக்கே. எல்லாரையும் வரிசையில விடுவோம். அங்கிள் தலையாட்டட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் வரிசையில் நின்றார்கள். என் முன்னால் வரும்போது மட்டும் ஒவ்வொருவருக்கும் சிரிப்பு நின்றுபோனது. சாக்குக்குள் உட்கார்ந்து பார்த்தால் எல்லாரும் ஏதோ செய்தவர்களாகத்தான் தெரிகிறார்கள், ஜோஆன். நீயும் ஒரு தடவை மாட்டிப் பார்.

யாராவது ஒருவருக்கு ஆட்டித்தான் ஆக வேண்டும். யாருக்கும் ஆட்டாமல் விட்டால், வரிசையில் வராத ஒரே ஆள் யார் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். டீச்சருக்கு ஆட்டினால் நாடகம் நின்றுவிடும். ஜோனதனுக்கு ஆட்டினால் அவன் அம்மா என் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். பாடகர் குழுவில் எல்லாரும் சொந்தக்காரர்கள், ஒருவரைத் தொட்டால் திருப்பலிக்குப் பாட்டு இருக்காது. உன் அப்பா கடைசியில் வந்தார். மனைவி இல்லை, மகள் தூரத்தில், சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை. என்னைப் பார்த்துப் புன்னகை வேறு செய்தார். மெதுவாக, ஒரே முறை ஆட்டினேன். கழுத்து வலியாக இருந்திருக்குமோ என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். வலி இல்லை.

சாக்குக்குள் இருப்பது நான் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்கள் கண்முன்னால்தான் மாட்டிக்கொண்டேன். வெறுந்தலையோடு சொல்லியிருந்தால் "போ லா இஞ்ஞாசி" என்று தள்ளிவிட்டிருப்பார்கள். சாக்கு ஆடியதும் நம்பிவிட்டார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போனதில் ரயிலைவிட இதுதான் ஒழுங்காக ஓடுகிறது.

"நான் டுரியானே தொடமாட்டேனே, வாயு புடிக்கும்," என்றார் உன் அப்பா. தின்றவன் அப்படித்தான் சொல்வான் என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. அது என் குரல் என்று இப்போது நினைக்கிறேன், சாக்குக்குள் இருந்ததால் யாருடையது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

ஆதாரம் இல்லாமல் ஒருவரைத் திருடன் என்பது பாவம். எனக்கு அன்றிரவு அதுதான் உறுத்தியது. அதனால் மறுநாள் காலை தொட்டிக்குப் பின்னால் கிடந்த தோலையெல்லாம் பொறுக்கிக்கொண்டுபோய் உங்கள் வீட்டு வாழைக்குப் பின்னால் போட்டேன். வாழைக்கு உரமாகவும் ஆகும். பிற்பாடு அந்தத் தோலை ஜோனதன்தான் கண்டுபிடித்தான். அன்றைக்கே கோயில் சாவியை உன் அப்பாவிடம் கேட்டு வாங்கிவிட்டார்கள். உன் அம்மா இறந்த பிறகு அந்தக் கதவைத் திறப்பதற்காகத்தான் அவர் காலையில் எழுந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். சாவியைச் சட்டை முனையில் துடைத்துக் கொடுத்தார். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அன்று ஒரு பழம்தான் தின்றேன்.

சாயந்திரம் அவர் இங்கே வந்தார். நீ உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. "இஞ்ஞாசி, நீ பொய் சொல்ற ஆளு இல்ல. நீ தலையாட்டுனா எதையோ பாத்திருக்க. எனக்குத்தான் நெனப்பு இல்ல. தூக்கத்துல எந்திரிச்சுப் போறேனோ?" என்று கேட்டார். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் மனிதர் தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அதை எப்படிக் கெடுப்பது? "இருக்கும், தாஸ்," என்றேன். "தூங்குறவனுக்கு எப்படித் தெரியும்?" அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

பிறகு நடந்தது நீ அறிந்ததே. சிகாமட் சாலைக் கடையில் காசு கொடுத்துக் கூடை நிறைய டுரியான் வாங்கி வந்தார். திருநாள் அன்று ஆயர் முன்னால் எழுந்து, தூக்கத்தில் தின்றதற்கு மன்னிப்புக் கேட்டார். ஆயரே கண் கலங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். நாடகத்தில் சிறந்த நடிகர் பரிசு எனக்குக் கிடைத்தது. சாக்கைக் கழற்றிவிட்டுத்தான் அதை வாங்க மேடையேறினேன்.

இப்போது நீ சொல்கிறாய், அவர் இரவில் காலைக் கட்டிலோடு துண்டால் கட்டிக்கொண்டு படுக்கிறாராம். விடிந்ததும் கண்ணைத் திறக்கும் முன் இரண்டு கைகளையும் முகர்ந்து பார்க்கிறாராம். வீட்டை விற்று அவரை உன்னோடு கூட்டிப்போய், வெளியே பூட்டு போட்டுப் படுக்க வைக்கப் போகிறாய். அதற்கு முன் உண்மை தெரிய வேண்டும் என்கிறாய். நியாயமான கேள்வி. அவ்வளவு பழத்தையும் தின்றது நான். தலையாட்டியது நான். தோலைப் போட்டது நான். தூக்கத்தில் நடப்பதாக அவரை நம்ப வைத்ததும் நான்தான்.

ஆனால் இதை அவரிடம் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசி. பாவசங்கீர்த்தனம் செய்து, ஆயர் கையால் ஆசீர் வாங்கி, நிம்மதியாக இருக்கிற மனிதர். அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று இப்போது போய்ச் சொன்னால் அத்தனையும் வீணாகிவிடும் அல்லவா?

எழுந்துவிட்டாய். சரி, போ. அவரிடம் நீ எதைச் சொன்னாலும் சொல், இதையும் சேர்த்துச் சொல்லிவிடு. மற்றவர்கள் எப்படியோ, எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை. நான் அவரை அன்றைக்கே முழு மனதோடு மன்னித்துவிட்டேன்.