காலி என்றால் காலி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டைத்துண்டு ஒன்றை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். எத்தனை பேர் இதில் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். எனக்கு இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள்தான் கண்ணை உறுத்தும்.

என் தங்கை இறந்ததைப் பற்றி உங்கள் ஸ்டேஷனில் நீங்கள் எழுதி வைத்திருப்பதில் சில விஷயங்கள் விடுபட்டிருக்கின்றன. அவள் புருஷன் கையிலிருந்த துப்பாக்கி வெடித்தது, அவள் செத்தாள், அவன் திறந்து பார்க்காதது தப்பு. அவ்வளவுதானே எழுதியிருக்கிறீர்கள்? பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அரைகுறையாக இருக்கிறது. எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

என் வேலையிலிருந்து தொடங்குகிறேன். எங்களுடையது காவலுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி. வங்கிப் பணம் போகும் வேன்கள், நகைக்கடைகள், கிடங்குகள். ஆயுத அறை என் பொறுப்பு. பசங்கள் எனக்கு வைத்த பெயர் ‘பூட்டு’. முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு காதில் விழும்படி சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, பெருமைதான்.

காலையில் ரைஃபிளைக் கொடுக்கும்போது ஒரு முறை உண்டு. கொடுக்கிறவன் போல்ட்டை இழுத்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, “காலி” என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவன் தானும் திறந்து பார்த்து, “காலி” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கவுன்டருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் மணல் பீப்பாய்க்குள் குழலை நுழைத்து, விசையை ஒருமுறை தட்டுவான். டொக் என்று வெறும் சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் தோட்டாக்களைக் கையில் கொடுப்பேன். இரண்டு பேரில் ஒருவன் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். “ஆளே காலி” என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். எங்கள் அறையில் இருந்த ஒரே நகைச்சுவை அதுதான்.

என் தங்கை புருஷன், என் மாப்பிள்ளை, எங்களிடம் வேன் காவலனாக இருந்தவன். அவனை முதன்முதலில் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தவன் நான். என் தங்கை பரிமாறினாள். அப்புறம் நடந்ததையெல்லாம் என்னைக் கேட்டா செய்தார்கள்? அப்பா, அம்மா போனபிறகு அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியவன் நான். எனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. சரி, போகட்டும் என்று முன்னே நின்று நடத்தி வைத்தேன்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் ரைஃபிளைக் கொடுத்து “காலி” என்றேன். அவன் முறைப்படி போல்ட்டைத் திறந்து பார்த்தான். பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது.

“ஏன் மாப்ளே, நான் சொன்னா நம்பிக்கை இல்லையா? தங்கச்சியவே குடுத்தவன், தோட்டாவ வெச்சா குடுப்பேன்?”

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் முகம் சுண்டிவிட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க மச்சான்” என்றான். அன்றிலிருந்து மற்றவர்கள் கொடுத்தால் பார்ப்பான், நான் கொடுத்தால் பார்க்க மாட்டான். அப்படியே வாங்கி, “காலி” என்று சொல்லி, மணலில் தட்டிவிட்டுப் போய்விடுவான். மரியாதை தெரிந்த பையன் என்று நானே வெளியில் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவன் மாத்திரை போட ஆரம்பித்தான். ராத்திரி வேனில் தூக்கம் வராமலிருக்க என்று தொடங்கியது, அப்புறம் எதற்கென்றே இல்லாமல் போயிற்று. பொட்டலத்தோடு பிடிபட்டான், தண்டனை ஆயிற்று, உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்தபிறகு காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான். ஒருநாள் சமையலறைக் கத்தியோடு வாசற்கதவைப் பார்த்துக்கொண்டே நின்றான். என் தங்கை பக்கத்து வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்தாள். நான்தான் போய்க் கத்தியை வாங்கினேன். கேட்டவுடன் குழந்தை மாதிரி கொடுத்துவிட்டான். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நான்தான்.

அப்போதுதான் ஒரு புதுச் சட்டம் வந்தது. போதை வழக்கில் தண்டனை பெற்றவன், மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தவன், துப்பாக்கியைத் தொடக் கூடாது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இத்தனை வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை யாரோ ஒரு புத்திசாலி சட்டமாகவே எழுதிவிட்டான். வருஷா வருஷம் எங்களுக்கும் கேள்விகள் வந்தன. குடி உண்டா, போதை உண்டா, வழக்கு உண்டா, சிகிச்சை உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதுவேன். என் கை ஒருமுறைகூடத் தயங்கியதில்லை.

அவனைக் கிடங்கு வாசலில் விசிலும் டார்ச்சும் கொடுத்து நிறுத்தினார்கள். பசங்கள் அவனுக்கு ‘விசில்’ என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே ஒருமுறை ஊதிக்காட்டுவான். ரோஷமில்லாதவன். மாத்திரையை விட்டான், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டான், உடம்பு தேறினான். தேறட்டும். விசிலோடு தேறியிருந்தால் எனக்கென்ன வந்தது?

ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள். சில வருஷம் சுத்தமாக இருந்து, டாக்டர் எழுதிக்கொடுத்தால், ஒரு குழுவிடம் முறையிட்டு உரிமையைத் திரும்பக் கேட்கலாம். என் தங்கைதான் அவனை இழுத்துக்கொண்டு அலைந்தாள். குழுவின் முன்னால் நானும் போய்ப் பேசினேன். கத்தியைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அங்கிருந்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, “நீங்க ஏன் இவ்வளவு கோபமா இருக்கீங்க?” என்று கேட்டார்.

“எனக்குக் கோபமே வராதும்மா” என்றேன். கீழே பார்த்தால் கையிலிருந்த பேனா இரண்டாக உடைந்திருந்தது. மட்டமான பிளாஸ்டிக்.

அவனுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து படியில் நிற்கும்போது என் தங்கை சொன்னதை அப்படியே சொல்கிறேன். “அண்ணா, அவருக்கு வந்தது வியாதி. அதுக்கு மருந்து இருக்கு, சாப்பிடறாரு. உனக்கு இருக்கறதுக்கு ஒரு பேரு கூட வைக்கல. அதான் உன்கிட்ட சாவியக் குடுத்து வெச்சிருக்காங்க.” சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் தோளில் தூக்கி வளர்த்த பெண். அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பெல்லாம் திகுதிகுவென்று இருந்தது. இதைக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். வருத்தம் என்று எழுதுங்கள்.

நான் யோசித்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவன் கையில் துப்பாக்கி ஆபத்து என்று எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். வாயால் சொல்லியாயிற்று, யாரும் கேட்கவில்லை. அவன் திரும்ப வேலைக்கு வரும் முதல்நாள் காலையிலேயே, பத்துப் பேர் முன்னால், பீப்பாய்க்குள் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டால் போதும். திறந்து பார்க்காமல் தட்டிவிட்டான் என்று அங்கேயே அனுமதியைப் பிடுங்கிவிடுவார்கள். மணலில் போகிற தோட்டா யாரை என்ன செய்யும்?

அதனால் அவன் வரும்முன் ஒரு தோட்டாவை உள்ளே தள்ளிப் போல்ட்டை மூடினேன். இதைத்தான் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பசங்கள் கைதட்டினார்கள். “விசில் வந்தாச்சு” என்றான் ஒருத்தன். நான் ரைஃபிளை எடுத்து, “காலி” என்று நீட்டினேன். என் கண்ணைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

“ரொம்ப நன்றி மச்சான்” என்றான். அப்புறம், “காலி” என்றான். பீப்பாய்க்குள் குழலை நுழைத்தான்.

பீப்பாயில் மணல் இல்லை. இதையும் நீங்கள் கேட்டீர்கள், முன்பே சொல்லியிருக்கிறேன். மழையில் கூரை ஒழுகி மணல் ஈரமாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் நானே அதைக் கொட்டி, தார்ப்பாயில் உலரப் போட்டேன். திரும்ப நிரப்ப மறந்துவிட்டேன். மனுஷன்தானே. வெறும் தகரப் பீப்பாயும் அதற்குப் பின்னாலிருந்த பலகைத் தடுப்பும் ஒரு ரைஃபிள் தோட்டாவுக்கு எந்த மூலைக்கு?

தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் அவளை முதலில் தூக்கியது அவன்தான். அவன் போட்ட சத்தத்தை நான் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு ஊரே என் பக்கம் பேசியது. பைத்தியத்துக்குத் துப்பாக்கி கொடுத்தது யார், போதைக்காரனை நம்பியது யார் என்று டாக்டரம்மாவைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். என் கையைப் பிடித்து, “நீங்க அன்னைக்கே சொன்னீங்க” என்றார்கள். ஆமாம், சொன்னேன் என்றேன். நீங்கள்கூட எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். இதை இப்படியே விட்டிருப்பேன். இங்கே வந்திருக்க மாட்டேன்.

நீங்கள் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரிக்கு நேற்று அவனைப் பார்க்கப் போனேன். நான்தானே அவனுக்கு இருக்கிற ஒரே உறவு. மெலிந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். புத்தி தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நான் அன்னிலேர்ந்து அதையே நெனச்சுப் பாத்துட்டு இருக்கேன் மச்சான்” என்றான். “நீங்க போல்ட்டத் தொறக்கவே இல்ல.”

நான் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

“போலீஸ்ல சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவளுக்கு நீங்கன்னா உசுரு. நான் உங்கள மன்னிச்சுட்டேன். நீங்க நல்லா சாப்பிடுங்க.”

சொல்லிவிட்டு என் கைமேல் கையை வைத்தான். கேட்டீர்களா? மாத்திரைக்காக வேனையே விற்றிருக்கக் கூடியவன், காதுக்குள் கேட்ட குரலுக்குப் பதில் சொன்னவன், விசில் ஊதினவன். அவன் என்னை மன்னிக்கிறானாம். நான் யாருடைய மன்னிப்பிலும் வாழ்கிறவன் இல்லை. எனக்கு இன்னும் அந்தக் கை இருந்த இடம் எரிகிறது. அவன் போடும் பிச்சையில் வெளியே திரிவதைவிட உங்கள் கம்பிக்குப் பின்னால் மரியாதையாக உட்கார்ந்திருப்பேன். அதற்காகத்தான் வந்தேன். தோட்டா வைத்தது நான். காலி என்று பொய் சொன்னது நான். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. தங்கையைக் கொன்றவன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அவளைக் கொல்ல நினைக்கவே இல்லை. அவளுக்கு முந்தின நாள் போன் செய்து, பழசை மறந்துடு, வந்து பாரு என்று கூப்பிட்டதே நான்தான். எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? கவுன்டர் பக்கம் வெளியாட்கள் நிற்கக் கூடாது, அதனால் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டு உட்கார வைத்தேன். நல்ல புழுக்கம் அன்றைக்கு. அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி, பலகையில் சாய்ந்து உட்காரம்மா, அங்கேதான் காற்று நேராக வரும் என்று நானே தோளைப் பிடித்து நகர்த்தி உட்கார வைத்துவிட்டுத்தான் கவுன்டருக்குப் போனேன்.