மதி பாஸாகிவிட்டான்

மணி பார்க்கக் கற்றுக்கொடுப்பது லேசான வேலை இல்லை. சிறையில் மனு போட்டுத் தம்பியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று, இரண்டு கைகளையும் முள்ளாக நீட்டி, ஒரு மாதம் தொண்டை வறளக் கத்தினேன். இருபத்தாறு வயதில் என் தம்பி மதி கற்றுக்கொண்டான். வாத்தியார்கள் கைகழுவிய பையன் அவன்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவனை லூசு என்பார்கள். எனக்கு வயிறு எரியும். அப்பா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் அதைப் பற்றித்தான். "அசோகா, அவன எவனும் லூசுன்னு சொல்லாம பாத்துக்க நைனா."

வக்கீல் மெஹ்னாஸ் நல்ல மனுஷி. "ரெட்டைக் கொலைங்க, தூக்கு கேக்குறாங்க. புத்தி வளர்ச்சி குறைவுன்னு டாக்டர் எழுதிட்டா தூக்கு வராது. தம்பிய பயப்படாம இருக்கச் சொல்லுங்க" என்றார். டாக்டர் என்னென்ன கேட்பார் என்றும் சொன்னார். மணி, தேதி, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் என்ன ஒற்றுமை. நான் ஒன்றையும் மறக்கவில்லை.

குறைவு என்று எழுதினால் தூக்கு போகும், வாஸ்தவம். அதோடு விடுவார்களா? போலீஸ் கேட்டதற்கெல்லாம் "ஆமா சார்" என்றவன் பேச்சை எப்படி நம்பினீர்கள் என்று கிளறுவார்கள். அன்று மதியம் திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் இன்னொருத்தன் காப்பர் வயர் உருவியது வெளியே வரும். வாட்ச்மேன் மஜீது பாய் அதைப் பார்த்துவிட்டார். அவரோடு நிறுத்தியிருப்பேன். சாப்பாட்டுக் கூடையோடு வந்த பேத்தி "அசோகன் மாமா" என்றாள். ஏழு வயதுதான், நல்ல ஞாபகசக்தி.

பிறகு அந்த இரும்பு ராடை, என்கூட வந்திருந்த மதியிடம் கொடுத்தேன். "இத்தப் புட்ச்சிகினு இங்கியே நில்லு, வந்துர்றேன்." போலீஸ் வரும்வரை நின்றான். அண்ணன் சொல்லைத் தட்டமாட்டான்.

"டாக்டர் கேக்கறதுக்கு கரீட்டா சொன்னா பாஸு. பாஸானா வூட்டுக்குப் போலாம்" என்று சொல்லியிருந்தேன். அத்தனைக்கும் சரியாகச் சொன்னான். இயல்பான அறிவுத்திறன் என்று டாக்டர் எழுதினார். நீதிபதி அதை வாசித்துவிட்டுத் தூக்கு என்றார்.

மதி கூண்டிலிருந்து என்னைத் தேடினான். "இன்னாண்ணா, பாஸா?"

"பாஸுடா."

சிரித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பதினொன்னேகால் ஆச்சுண்ணா, வூட்டுக்குப் போலாமா?" என்றான். மணி சரிதான்.

இரண்டு பேரையும் அடித்தது நான். அதை இப்போது மறைக்கவில்லை. ஆனால் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். இனி என் தம்பியை லூசு என்று எவனும் சொல்ல முடியாது, கோர்ட்டே எழுதிக் கொடுத்திருக்கிறது.