மாடத்து முகம்

நாகராஜுக்குக் காலையில சவரம் பண்ணினா சாயங்காலமே தாடி முள்ளு முள்ளா வந்துரும் சார். அதனால முகத்துல பிளாஸ்டர் ஊத்துத அன்னைக்கு நானே அவனுக்குச் சவரம் பண்ணி, வாசலின் தடவி விடுவேன். இல்லன்னா உரிக்கும்போது தோலைப் பிடிச்சு இழுக்கும். அவனுக்கு வலிக்கக் கூடாதுல்லா.

தாராவியில கணபதி சிலைக்கு அச்சு எடுக்கதுதான் என் தொழில். நான் செஞ்சதெல்லாம் கடலுக்குத்தான் போயிருக்கு. என் பேரு எதுலயும் இருந்ததில்ல. செம்பூர் ஷாலினி மேடம்தான் மொதல்ல கேட்டாங்க. பழைய கோட்டையில ஆர்ட் ஷோ வைக்காங்க. "பீரங்கி வச்சவன் பேரு கல்லுல இருக்கு. கல்லு சுமந்து செத்தவனுக்கு முகமே இல்ல. உங்க ஏரியா ஆளுங்க முகத்தைச் செஞ்சு கோட்டை மாடத்துல வைக்கணும். போர்டுல உங்க பேரும் வரும், பாண்டி"ன்னாங்க.

செஞ்சு குடுத்தேன். பாத்துட்டு, "எல்லாம் அப்படியே தூங்குது. செத்தவங்க இப்படியா செத்திருப்பாங்க? எனக்கு அந்த பயம் வேணும். உங்களால ஆகலன்னா பூனாவுல ஒருத்தர் இருக்கார்"னு சொன்னாங்க.

நாகராஜும் நானும் ஒரே ரூம். ஊர்க்காரப் பய. பயந்த மாதிரி மூஞ்சியைக் காட்டுலேன்னு சொன்னா அவனுக்குச் சிரிப்புதான் வரும்.

"அண்ணாச்சி, என்னையக் கோட்டைக்கு ராசாவாக்கப் போறியளா?"

"கூலிக்காரன்லே."

"அதுக்கு எதுக்கு அச்சு? என்னைய அப்படியே கொண்டு போய் நிறுத்துங்க."

பிளாஸ்டர் ஊத்தினா கண்ணு, வாய் ரெண்டும் அடைஞ்சிரும். மூக்குல ரெண்டு ஸ்ட்ரா வழியாத்தான் மூச்சு. முடியலன்னா பலகையைத் தட்டணும், தட்டினா உடனே உரிச்சிரணும். எங்களுக்குள்ள அதுதான் பேச்சு. அன்னைக்கு அவன் கையைப் பலகையோட சேத்துக் கட்டினேன். எதுக்குன்னு அவன் கேக்கல. தட்டுததுக்கு விரலை மட்டும் விட்டிருந்தேன்.

பிளாஸ்டர் இறுகப் போற நேரம் பாத்து ரெண்டு ஸ்ட்ராவையும் பொத்தினேன். மொதல்ல லேசாத் தட்டினான். நான் கவனிக்கலன்னு நினைச்சிருப்பான். அப்புறம் வேகமாத் தட்டினான். பிளாஸ்டருக்கு அடியில தாடை இழுத்துக்கிட்டு வாய் திறக்கது என் உள்ளங்கைக்கே தெரிஞ்சுது. நல்லா வருதுன்னு நினைச்சேன்.

ஊருக்குப் போயிட்டான்னு மேடத்துக்கிட்ட சொன்னேன். பிளாஸ்டர் சாக்குக்கு அடியில இருந்து அவனை நீங்க எடுக்க வரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கோட்டை மாடத்துல அந்த முகத்துக்கு முன்னால நின்னு அவங்க அழுதாங்க. போர்டுல நாகராஜ் பேரையும் போடச் சொன்னது நான்தான், அதையும் எழுதிக்கிடுங்க.

கொலைன்னு எழுதியிருக்கீங்களே, அதை மட்டும் மாத்துங்க சார். அவன் சாகணும்னு நான் நினைக்கவே இல்ல. அச்சு இறுகட்டும்னுதான் காத்திருந்தேன். தட்டுதது நின்ன பொறவும் கொஞ்ச நேரம் கையை எடுக்கல. அவசரப்பட்டா மூக்கு நுனி உடைஞ்சிரும்.