கறார் அக்கா கையெழுத்திடாத வடிகட்டி

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், அக்காவின் கணவரும் கணக்கு ஆசிரியருமான ஐயா அவர்களே! அக்காவிடம் திட்டு வாங்கியே தொழில் கற்ற என் சக பொறியாளர்களே! அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு நிறுவனத்துக்கு ஓடிப்போய், இன்று கண்கலங்கி வந்து நிற்கும் பழைய நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் என் பெயர் ரேடியோ. போட்டால் ஓடிக்கொண்டே இருப்பேன். ஆனால் இன்று நாக்கு ஒட்டிக்கொள்கிறது. காரணம், தலைவர் முன்னால் திறந்திருக்கும் அந்த மடிக்கணினி. அக்காவுக்கான இந்த நினைவஞ்சலிக் கூட்டம் முடிந்ததும், அவர் இரண்டு ஆண்டுகள் பாடுபட்ட முகவரி வடிகட்டியை எல்லா சர்வர்களிலும் தலைவரே தம் கையால் இயக்கி, அதற்கு அக்காவின் பெயரையும் சூட்டப்போகிறார். நல்ல மனது. யாரால் குறை சொல்ல முடியும்? நான்தான் சொல்லப்போகிறேன். அதற்குத் தைரியம் வரும்வரை கொஞ்சம் சுற்றி வளைத்துப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்ன வேலை செய்தார்? வாசலில் அவருடைய தங்கையிடமே கேட்டேன். "கம்ப்யூட்டருக்கு ஏதோ பண்றான்னு தெரியும் தம்பி. என்னன்னு கேட்டா, 'ஏன் கேக்கற?'ம்பா" என்றார். ஆகவே உறவினர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்களிடம் உள்ள ஒவ்வொரு சர்வரும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்குள் ஐம்பது அறுபது கணினிகள் குடியிருக்கின்றன. தொட்டுப் பார்க்க முடியாத கணினிகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு. வெளியிலிருந்து கடிதங்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உறையையும் எடுத்து, "இது நம்ம வீட்டுக்கா, பக்கத்து வீட்டுக்கா" என்று பார்ப்பது யார்? சர்வரின் மூளையான ப்ராசஸர்! வீட்டுத் தலைவரே மணி அடிக்கும்போதெல்லாம் மாடியிலிருந்து இறங்கி ஓடினால், அவர் சொந்த வேலையை எப்போது பார்ப்பது?

அக்கா கேட்டார்: "வாசல்ல ஒரு நெட்வொர்க் கார்டு சும்மாதானே உக்காந்திருக்கு? முகவரிப் பட்டியலை அது கையில கொடுத்துட்டா என்ன?" இவ்வளவுதான் யோசனை. நம் முகவரியா, உள்ளே விடு. இல்லையா, வாசலிலேயே தள்ளு. மூளைக்குத் தகவலே போக வேண்டாம். சோதனைக்கூடத்தில் இதைப் போட்டபோது ப்ராசஸரின் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. நாங்கள் குதித்தோம். அக்கா குதித்தாரா? இல்லை! "பட்டியல் நிறைஞ்சா என்னாகும்?" என்றார். அவர்தான் கறார் அக்கா!

கறார் என்றால் எப்படிப்பட்ட கறார்? முந்நூறு வரி நிரல் எழுதி, மேலே நாற்பது வரியில் என்னை நானே பாராட்டி அனுப்பினேன். ஒரே வார்த்தையில் பதில் வந்தது: "ஏன்?" அந்த ஒரு வார்த்தைக்கு விடை தேடியதில் என் முந்நூறு வரி எழுபதாகச் சுருங்கியது. வீட்டிலும் அப்படித்தானா என்று ஐயாவிடம் ஒருமுறை கேட்டேன். "சர்க்கரை டப்பாவை இடம் மாத்தினாக்கூட 'ஏன்?'தான். முப்பது வருஷமா பள்ளிக்கூடத்துல நான் கேள்வி கேக்கறேன், வீட்டுல பதில் சொல்றேன்" என்றார்.

இனிச் சுற்றி வளைக்க இடமில்லை.

கார்டில் பட்டியலை எழுதும் நிரல் என்னுடையது. கார்டின் பட்டியலில் அறுபத்து நான்கு இடம்தான் உண்டு. குடி வந்தால் முகவரியைச் சேர்க்க வேண்டும். காலி செய்தால் அடிக்க வேண்டும். ஒரு கணினி இந்தச் சர்வரிலிருந்து அடுத்த சர்வருக்கு இடம் மாறும்போது மட்டும் என் நிரல் பழைய முகவரியை அடிக்க மறந்தது. போனவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் உட்கார்ந்திருக்க, புதிதாக வந்தவருக்கு இடமில்லை. "இடமில்லை" என்று கார்டு சொல்லியும் இருக்கிறது. அதைக் கேட்கும் வரியை நான் எழுதவே இல்லை! புதுக் கணினி உயிரோடிருக்கும், பேசும். ஆனால் அதற்கு வரும் ஒரு கடிதமும் போய்ச் சேராது. காது கேளாத கணினி.

இதைக் கண்டுபிடிக்க என்ன செய்தேன்? எல்லாப் பொறியாளரும் செய்வதைத்தான். கடிதங்களின் போக்குவரத்தை உளவு பார்க்கும் மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது! நிறுத்தினேன், நின்றுபோனது. மறுபடி பார்த்தேன், ஓடியது! இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் கைகட்டி உட்காரும் வகுப்பு மாதிரி. மூன்று நாள் "என் பக்கம் சரியா இருக்குக்கா" என்று சாதித்தேன். நாலாம் நாள் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நீ பாக்கறதை நிறுத்துப்பா."

"பாக்காம எப்படிக்கா தெரியும்?"

"நீ உளவு பாக்க ஆரம்பிச்சதும் கார்டு பட்டியலைத் தூக்கிப் போட்டுட்டு வர்றதையெல்லாம் உள்ள விடும். அதான் வேலை செய்யற மாதிரி தெரியுது. நீ பாக்கற வரைக்கும் அது நல்ல பிள்ளை. எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

உளவு மென்பொருளை நிறுத்திவிட்டு, போய்க் குடித்துவிட்டு வந்தேன். அந்தப் புதுக் கணினியின் திரை ஒரு கடிதமும் வராமல் வெறுமையாக நின்றிருந்தது. அந்த வெறும் திரையைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பு! அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பிழையைத் திருத்தினேன். திருத்தினேன் என்று நினைக்கிறேன். மறுசோதனைக்கு அக்கா விதி எழுதினார்: பட்டியலை நிரப்பு, கணினிகளை இடம் மாற்று, பத்து நாள் ஓடவிடு, ஒரு தடவைகூட உளவு பார்க்காதே. அதற்குள் அக்கா மருத்துவமனைக்குப் போய்விட்டார். தலைவருக்கு வண்ண வரைபடம் காட்ட வேண்டுமே என்ற ஆசையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வரைபடம் போட்டுத் தருவது உளவு மென்பொருள்தான் என்பதால் பத்து நாளும் அதை ஓடவிட்டேன். வரைபடம் முழுக்கப் பச்சை! கீழே என் கையெழுத்தும் போட்டேன்.

அக்கா படுக்கையிலிருந்து அழைத்தார். குரல் நூலாக இருந்தது. "தம்பி, ரிப்போர்ட் பாத்தேன். அந்த டூல் ஓடிச்சா, ஓடலையா?"

"பாத்துச் சொல்றேன்க்கா" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? ஓடவிட்டவனே நான்தானே! அக்கா கையெழுத்திடவில்லை. நானும் சொல்லவில்லை. நான்கு நாளில் அவர் போய்விட்டார். "ஏன் கையெழுத்து இல்லை?" என்று தலைவர் கேட்டபோது, "உடம்பு முடியாம இருந்தாங்க சார்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவருக்கு உடம்புதான் முடியவில்லை. புத்தி கடைசிவரை கூர்மையாகத்தான் இருந்தது!

தலைவர் அவர்களே, நம் வாடிக்கையாளர்களில் ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய கணினியை வாரம் ஒருமுறை சர்வர் மாற்றுகிறோம். இன்று நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்தி, என் திருத்தம் தப்பாக இருந்தால், ஏதோ ஒரு வீட்டில் யாரோ தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் கணினி உயிரோடுதான் இருக்கும். கேட்காது. அதற்கா அக்காவின் பெயரை வைப்பது? அவர் ஒப்புக்கொள்ளாத ஒன்றை அவர் பெயரால் இயக்குவதா அஞ்சலி?

பின்வரிசையில் சலசலப்பு கேட்கிறது. கேட்கட்டும். நுணலும் தன் வாயால் கெடும். நான் இவ்வளவு நாள் வாயை மூடிக் கெட்டவன். இன்று திறந்தே கெட்டுப்போகிறேன். அந்த அறிக்கையில் உள்ள என் கையெழுத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். என்ன தண்டனை என்பதை நாளைக்குச் சொல்லுங்கள், சார். இன்று அந்த மடிக்கணினியை மட்டும் மூடிவிடுங்கள்.

ஐயா, ஏதோ கேட்கிறீர்களே? மைக் வேண்டாம், கேட்கிறது. அக்காவின் விதிப்படி சோதிக்க எத்தனை நாள் ஆகும் என்றா? பத்து நாள், ஐயா. "அப்ப பத்து நாள் ஆகட்டும்" என்கிறார் ஐயா.

தலைவர் மடிக்கணினியை மூடிவிட்டார். நன்றி, சார். கோபமாகத்தான் மூடினீர்கள். பரவாயில்லை.

அக்கா, உங்கள் வேலையைத் தொடர்வேன் என்று உறுதியளிக்க வேண்டிய இடம் இது. என் உறுதிமொழியின் மதிப்பு உங்களுக்குத் தெரியும். அதனால் சக பொறியாளர்களே, உங்களைக் கேட்கிறேன். இங்கிருந்து நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போகிறேன். உங்களில் இரண்டு பேர் என்னோடு வாருங்கள். உதவிக்கு இல்லை. பத்து நாளும் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனியாக விட்டால் நான் பார்த்துவிடுவேன்.