உள்ளே இருக்கிற மருந்து ஒன்றுதான்

மருந்துக் கடைக்காரனுக்கு முதலில் கெடுவது கால்தான். நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, சார். நாள் முழுக்க நின்றே பழகியவன் உட்கார்ந்தால் பேச்சு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்குப் பலவீனமான இதயம், ஓயாத படபடப்பு. துடிப்பைத் தணிக்க டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதினார். பெயர் பெற்ற கம்பெனியின் சரக்கு. இளஞ்சிவப்பு, நடுவில் ஒரு கோடு. அதே மருந்து என் கடையில் ஜெனரிக்காக, வெள்ளை நிறத்தில், கால்வாசி விலைக்குக் கிடைக்கும். சாயமும் வடிவமும், மாத்திரை உதிராமல் இருக்கச் சேர்க்கும் மாவும்தான் வேறு. உள்ளே இருக்கிற மருந்து ஒன்றுதான். ஊரில் பாதி இதயம் என் வெள்ளை மாத்திரையில்தான் ஓடுகிறது. வீட்டில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை.

"உங்க வெள்ளை மாத்திரை போட்டா படபடப்பு அப்படியேதாங்க இருக்கு. டாக்டர் குடுத்தது தொண்டையில இறங்கும்போதே தெரியுது."

"ரெண்டும் ஒண்ணுதான்டி."

"ஒண்ணுன்னா அவர் ஏன் இதை எழுதுறாரு? அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடப் போகுதா?"

'அவர்' என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் குழையும். அவரைப் பார்க்கப் போகும் நாளில் காலையிலேயே இஸ்திரிப் பெட்டி சூடாகிவிடும். அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது, என்ன கேட்டார், எதற்குச் சிரித்தார் எல்லாவற்றையும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள். நான் அதே கையைப் பிடித்தால், "வேலையா இருக்கேன், விடுங்க" என்பாள். அவர் எழுதிய மாத்திரையின் காலி அட்டையைக்கூட உடனே எறிய அவளுக்கு மனம் வராது. தப்பாக எதுவும் நடக்கவில்லை, சார். நடந்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். எனக்கு வயிறெரிந்தது, அவ்வளவுதான்.

அவருடைய மாத்திரை ஒருமுறையாவது தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளுடைய மாத்திரை டப்பாவை வாராவாரம் நிரப்புவது நான்தான். அதே அளவில், அதே இளஞ்சிவப்பில், நடுவில் கோட்டோடு ஒரு சத்து மாத்திரை இருக்கிறது. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. அதை வைத்தேன்.

படபடப்பு திரும்பி வந்தது. டாக்டர் மேல் அவளுக்கு வெறுப்பு வரும் என்று நினைத்தேன். அவளோ அவரிடம் இன்னும் அடிக்கடி போக ஆரம்பித்தாள். மருந்து கேட்கவில்லையே என்று அவர் ஒன்றை இரண்டாக்கினார், பிறகு நான்காக்கினார். நானும் சத்து மாத்திரையை அதே கணக்கில் கூட்டி வைத்தேன். மாடிப்படியில் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்பாள். நான் தண்ணீர் கொண்டு போய்க் கொடுப்பேன். அந்த நாட்களில் அவளை நன்றாகவே கவனித்துக்கொண்டேன், அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

போன வாரம் அவளாகவே வாய் திறந்தாள்.

"ஏங்க, அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல. உங்க மாத்திரையையே குடுங்க. நான்தான் உங்க பேச்சைக் கேக்காம இருந்துட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சொன்னதிலேயே இனிமையான வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சீட்டில் நான்கு என்று இருந்தது. அந்த மருந்து மாதக்கணக்கில் அவள் உடம்பில் சேரவே இல்லை என்பது எனக்குத் தெரியும். நிஜ மாத்திரை நான்கையும் ஒரேயடியாகப் போட்டால் அவள் இதயம் தாங்காது என்பதும் தெரியும். ஒன்று போதும் என்று சொல்லியிருக்கலாம். ஏன் ஒன்று என்று கேட்டிருப்பாள். காரணத்தைச் சொன்னால், சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பாள்.

வெள்ளை மாத்திரை நான்கையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். விழுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் சாய்ந்துகொண்டு, "அடங்கிடுச்சுங்க" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன், விடச் சொல்லவில்லை. அந்தக் கை மெல்லச் சில்லிட்டுக்கொண்டே வந்தது. போன் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். எடுக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், சார். கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்து எழுதுங்கள்: கடைசியில் அவளுக்குக் கேட்டது என் மாத்திரைதான்.